அத்தையின் திங்கட்கிழமைக் கேள்வி

வீட்டில் ஒருத்தர் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்த்தால், சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அவர்தான் வாட்ஸ்அப் பரிசோதகர். 'இந்தக் கீரை சாப்பிட்டா சர்க்கரை குறையுமா?', 'நாளையில இருந்து ஏ.டி.எம். மூடறாங்களாமே?' என்று எனக்கு தினமும் நாலைந்து ஃபார்வர்டு வரும். பெரும்பாலும் 'பொய்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அவிநாசி அத்தை அனுப்பிய ஒன்றுக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதில் பாதி நிஜம்.

'பணியில் இருக்கும் ஆசிரியர்களே! 18 மாதங்களில் கல்வியியல் டாக்டர் பட்டம். வகுப்பு இல்லை, நேரில் வரத் தேவையில்லை. உங்கள் அனுபவமே உங்கள் தகுதி. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் எட்.டி.' கீழே ஒரு கறுப்பு அங்கி, தொப்பி, சிரிக்கும் பெண். கட்டணம் மூன்றே முக்கால் லட்சம், மூன்று தவணை. முதல் தவணை வெள்ளிக்கிழமைக்குள். அத்தை கூடவே ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்பியிருந்தார்: "ஏங்கண்ணு, இது நிசமான்னு பார்த்துச் சொல்லு. உன்ற மாமாகிட்ட சொல்லாத. சீட்டு எடுத்துக் கட்டலாம்னு இருக்கறேன்."

அத்தைக்கு 47 வயது. திருப்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு டீச்சர். இப்போது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பொறுப்பாளரும் அவர்தான். எம்.எஸ்சி., எம்.எட். முடித்தவர். எம்.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தில், 2015-க்கு முன்னால், சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் படித்தார். அப்போதே 'அடுத்தது டாக்டரேட்' என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு மகள் பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிவு, கொரோனா என்று அது தள்ளிப்போனது.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே டீச்சர் மாதிரி பேசினேன். எதிர்முனையில் பேசிய பையன் ரொம்ப மரியாதை. "மேம், அட்மிஷன் போட்ட நாளிலிருந்தே பேருக்கு முன்னாடி 'டாக்டர் ஸ்காலர்'னு போட்டுக்கலாம்" என்றார். அப்படி ஒரு பட்டப்பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "எனக்கு கைடு யாருங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க கவலையே பட வேண்டாம் மேம். டாபிக்கை நாங்களே குடுத்துடுவோம். தீசிஸ் சப்போர்ட்டும் பேக்கேஜ்லயே வருது."

தலைப்பும் அவர்களுடையது, ஆய்வேடும் அவர்களுடையது. அத்தைக்கு என்ன மிச்சம்? தொப்பியும் அங்கியும்தான். அதையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இனி நிஜமான பாதிக்கு வருகிறேன். எட்.டி. என்று ஒரு பட்டம் உண்மையிலேயே இருக்கிறது. (மாமாவிடம் பிறகு இந்தப் பேச்சு வந்தபோது, "இ.டி.யா? ரெய்டு வர்றவங்களா?" என்று பயந்துவிட்டார்.) அமெரிக்காவில் 1920-ல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு கல்வியியல் கல்லூரிதான் அங்கே இந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தது. இங்கிலாந்துக்கு 1992-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் வழியாக வந்தது. பிஹெச்.டி. ஆராய்ச்சியாளரை உருவாக்கும்; எட்.டி. ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்ப்பவரை ஆராய்ச்சி தெரிந்த ஆசிரியராக மாற்றும் என்பது அதன் கணக்கு. வேலையை விட வேண்டாம். தன் வகுப்பில், தன் பள்ளியில் இருக்கும் ஒரு பிரச்னையை எடுத்து, முறையாக ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து எழுத வேண்டும்.

ஆனால் அது அங்கேயும் சுமுகமாக இல்லை. 'இது பிஹெச்.டி.யின் எளிய பதிப்புதானே' என்ற கிண்டல் பல வருடம் இருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் 2007-ல் கார்னகி அறக்கட்டளையின் துணையோடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து இந்தப் பட்டத்தைத் திருத்தி எழுத ஆரம்பித்தன. ஹார்வர்டோ 2010-களில் எட்.டி.யைக் கைவிட்டு பிஹெச்.டி. பக்கம் போய்விட்டது. ஒழுங்கான ஓர் எட்.டி.க்கு நாலைந்து வருடம் ஆகும். 18 மாதத்தில், வகுப்பே இல்லாமல் வருவது எட்.டி.யே இல்லை.

இந்தியாவில் இந்த விளம்பரங்கள் பெருகியபோது, 2022 அக்டோபரில் யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஹெச்.டி.க்கு இங்கே அங்கீகாரம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். அடுத்த மாதமே, நவம்பர் 7-ம் தேதி வெளியான யுஜிசியின் பிஹெச்.டி. விதிமுறைகளும், தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஹெச்.டி. நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன. நம்ம ஊரில் டாக்டர் பட்டத்தின் மேல் இருக்கும் மோகத்துக்கு இதெல்லாம் அணை போடவில்லை என்பது வேறு கதை. 2023-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்திலேயே போலி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கும் விழா ஒன்று நடந்து, பல்கலைக்கழகம் 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அறிவிக்க வேண்டியிருந்தது. கோவையில் காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் வரை ஃபிளெக்ஸ் பேனர்களைப் பார்த்துக்கொண்டே போனால், மருத்துவமனைகளில் இருப்பதைவிட அதிக டாக்டர்கள் தெரிவார்கள்.

போனில் சொன்னால் அத்தை மனசு ஒடிந்துவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி அவிநாசிக்கே போனேன். மாமா கடைக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. கேஸ் அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு, "அப்ப இந்த வயசுல நெசமாப் படிக்கறதுக்கு வழியே இல்லீங்களா?" என்று என்னிடம் 'ங்க' போட்டுக் கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எதை ஆராய்ச்சி பண்ணணும்னு இருக்கீங்க அத்தை?" என்று கேட்டேன். சும்மா பேச்சை மாற்றத்தான் கேட்டேன். அத்தை பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். உள்ளே பதினோரு நோட்டுகள். எல்லாம் 80 பக்கக் கோடு போடாத நோட்டு. தேதி வாரியாகக் கட்டம் போட்டு எண்கள்.

"திங்கக்கெழமை வராத புள்ளைங்க கணக்கு" என்றார்.

திருப்பூர் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து குடியிருக்கும் குடும்பங்கள், இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும். சம்பளம் வாங்கியதும் சிலர் ஊருக்குப் போவார்கள். சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் துணி, சந்தை, சண்டை எல்லாம். திங்கட்கிழமை காலையில் பிள்ளை எழுந்திருப்பதில்லை. அத்தையின் ஏழாம் வகுப்பில் 38 பேர் என்றால் திங்கட்கிழமை எட்டு, ஒன்பது பேர் வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர்தான் குறைவார்கள். கணக்கில் ஒரு நாள் விட்டால் அடுத்த மூன்று நாள் புரியாது. வருடம் முழுக்கத் திங்கள் விட்ட பிள்ளை, எட்டாவது போகும்போது பின்னத்தைப் பார்த்தாலே பயப்படும்.

அத்தை ஒரு வருடம் ஒரு காரியம் செய்தார். திங்கட்கிழமை முதல் பீரியடில் இருந்த வாரத் தேர்வைப் புதன்கிழமைக்கு மாற்றினார். திங்கட்கிழமைக்கு 'வகுப்புச் சந்தை' வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து அட்டைக் காசில் விற்க வேண்டும். எடை, விலை, தள்ளுபடி, லாபம் எல்லாம் அங்கேயே கணக்கு. அந்த வருடம் திங்கட்கிழமை வராதவர்கள் நாலு, ஐந்தாகக் குறைந்தார்கள்.

"சூப்பர் அத்தை! இதுதான் தீசிஸ்" என்றேன்.

"என்ன சூப்பரு? அந்த வருசம் கம்பெனிக்கெல்லாம் ஆர்டர் இல்ல கண்ணு. ஓவர்டைம் இல்ல, கையில காசு இல்ல. அதனால ஊருக்குப் போகாம இருந்திருப்பாங்க. சந்தையால கொறஞ்சுதா, சம்பளத்தால கொறஞ்சுதா? அது எனக்குத் தெரியணும். இருவத்திரண்டு வருசமா வகுப்பு எடுக்கறேன், இதைக் கண்டுபுடிக்கத் தெரியல பாரு."

விளம்பரக் கம்பெனிப் பையன் 'டாபிக்கை நாங்களே குடுத்துடுவோம்' என்று சொன்னது அப்போது காதில் ஒலித்தது. எட்.டி. என்ற பெயரில் ஹார்வர்டிலும் பிரிஸ்டலிலும் எதைத் தேடினார்களோ, அது அவிநாசியில் ஒரு துணிப்பைக்குள் கிடக்கிறது. இரண்டு காரணம் ஒன்றாகக் கலந்துகிடக்கும்போது எது எது என்று பிரித்துப் பார்க்கும் வித்தையைத்தான் அத்தைக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இரண்டு பிரிவில் ஒன்றுக்கு மட்டும் சந்தை வைத்துப் பார்க்கலாமா? பெற்றோர் எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட் என்று கேட்டு எழுதலாமா? கேட்டால் உண்மையைச் சொல்வார்களா, டீச்சருக்குப் பயந்து சொல்வார்களா? தான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஆராய்ச்சி செய்பவருக்கு இது பெரிய சிக்கல். மார்க் போடும் கையே கேள்வித்தாளும் நீட்டினால் பிள்ளை எப்படி 'முடியாது' என்று சொல்லும்?

மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது நோட்டுகள் விரித்தபடியே கிடந்தன. மறைக்க முடியவில்லை. முழுக் கதையும் கேட்டுவிட்டு, சீட்டுப் பணம் தப்பித்ததில் அவருக்கு நிம்மதி. ஆனால், "ஏம்புள்ள, இதுக்குப் பட்டம் எதுக்கு? நம்ம பெரியசாமித் தூரன் என்ன டாக்டர் பட்டம் வாங்கிட்டா கலைக்களஞ்சியம் போட்டாரு?" என்றார்.

நல்ல கேள்வி. தூரன் ஈரோடு பக்கத்துக்காரர். பகத்சிங்கைத் தூக்கிலிட்டதை எதிர்த்து பி.ஏ. இறுதித் தேர்வையே எழுத மறுத்தவர். கோபிசெட்டிபாளையத்திலும், பிறகு அவிநாசிலிங்கம் செட்டியார் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்திலும், பெரியநாயக்கன்பாளையத்தில், ஆசிரியராக இருந்தார். வகுப்பறையிலிருந்து போய் 10 தொகுதி தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். குழந்தைகளின் மனதைப் பற்றியும் தனியாகப் புத்தகங்கள் எழுதினார்.

அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அவருக்குச் சுத்தியும் பெரிய பெரிய ஆளுங்க இருந்தாங்கங்க. நான் எழுதறதைப் படிச்சுட்டு 'இது தப்பு'ன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும். ஸ்கூல்ல யாரு இருக்கறாங்க சொல்லுங்க?" மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பளம் கேட்டார்.

அன்று மாலையிலிருந்து நான் தேடியதை, அத்தை மாதிரி இருக்கும் டீச்சர்களுக்காகவும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம்ம பக்கத்தில் கல்வியியலில் ஆராய்ச்சி செய்ய நினைத்தால் வழி பிஹெச்.டி.தான். வேலையை விடாமல் பகுதிநேரமாகவும் படிக்கலாம். முதுகலையில் 55 சதவிகிதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவிகிதத் தளர்வு உண்டு. கோவைக்காரர்கள் முதலில் விசாரிப்பது மருதமலை அடிவாரத்து பாரதியார் பல்கலைக்கழகம், பெண்களாக இருந்தால் அவிநாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சென்னையில் 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நுழைவுத்தேர்வு, நேர்காணல் எல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணையும் பிஹெச்.டி. சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு. ஆராய்ச்சிச் சேர்க்கைக்கு வயது வரம்பு இல்லை என்பதை அத்தையிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் ஆராய்ச்சிக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடச் சலுகை. ஆக மொத்தம் 10 வருடம் வரை இழுக்கலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. சலுகை நல்லதுதான். ஆனால் பத்து வருடம் என்றால் அத்தைக்கு ஓய்வு வயது வந்துவிடும், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழிகாட்டி கிடைப்பதுதான் இருப்பதிலேயே கடினம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிய ஆளை எடுக்க முடியாது. இடம் நிரம்பியிருந்தால் நீங்கள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். எனவே விண்ணப்பம் போடும் முன்பே, யாரிடம் இடம் இருக்கிறது, அவர் என்ன துறையில் ஆராய்கிறார் என்று பார்த்து, இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். 'ஏதாவது தலைப்பு குடுங்க மேடம்' என்று போய் நிற்பவருக்கும், பதினோரு நோட்டோடு போகிறவருக்கும் கிடைக்கிற மரியாதை ஒன்றாக இருக்காது.

அதோடு, ஆய்வேடு கொடுக்கும் முன் இதழ்களில் கட்டுரை வெளியாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'எட்டாயிரம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வரும்' என்று யாராவது மெசேஜ் போட்டால், அதுவும் அத்தைக்கு வந்த விளம்பரத்தின் தம்பிதான்.

படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பூசி மெழுக வேண்டாம். தனியார் பள்ளியில் சம்பளம் உயரும் என்று உறுதி இல்லை. அரசு ஆசிரியர்களுக்கு உயர்கல்விக்காகக் கிடைத்த முன்ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஹெச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது செட் போதும் என்று யுஜிசி 2023 ஜூலையில் சொல்லிவிட்டது. பணக் கணக்கு மட்டும் போட்டால் அத்தை இதில் இறங்கவே கூடாது. நான் அதைச் சொன்னபோது, "டியூஷன் எடுத்தா அதைவிட நெறையா வரும்னு எனக்குத் தெரியாதா?" என்று முறைத்தார்.

இப்போது எல்லாம் ஒரே ஒரு தாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பகுதிநேரமாகப் படிக்க, வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்க அனுமதிக்கிறோம், ஆராய்ச்சிக்கு நேரம் இருக்கும்படியான வேலைதான், பாடவேலைக்குத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்று விஷயமும் அதில் இருக்க வேண்டும். அத்தையின் பள்ளி நிர்வாகம் முதல் வரிக்கு உடனே சரி என்றது. மூன்றாவது வரிக்கு, "நீங்க போயிட்டா கணக்குக்கு யாருங்க டீச்சர்?" என்றது. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாதி வருடத்தில் கணக்கு டீச்சர் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் 22 வருடம் ஒரு நாள் கூட முதல் மணிக்குப் பிந்தாதவருக்குச் சில மாதம் விட்டுக்கொடுக்க முடியாதா என்று எனக்குக் கோபம். அத்தைக்குக் கோபம் இல்லை. பாட வகுப்பு சனிக்கிழமைகளில் வருமா என்று பல்கலையில் கேட்டுவிட்டு, கடிதத்தை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் தாளாளர் மேசைக்குப் போயிருக்கிறது.

சீட்டை எடுக்கவில்லை. அடுத்த ஏலம் வரை விட்டுவைத்திருக்கிறார். துணிப்பையில் பன்னிரண்டாவது நோட்டு சேர்ந்திருக்கிறது. அதில் இப்போது ஒரு கட்டம் அதிகம்: 'அப்பா அம்மாவுக்கு ஓவர்டைம் உண்டா?'

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தையிடமிருந்து மெசேஜ் வந்தது. ஃபார்வர்டு இல்லை. "இன்னிக்கு ஆறு பேர் வரல. ரெண்டு பேருக்கு நெசமாவே காய்ச்சல்."